பாதிப் போத்தல்

அந்தக் கல்லூரியின் பாடப்பட்டியல் பார்ப்பதற்கு மிகச் செழிப்பானது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் சிங்கப்பூருக்குப் படிக்கப் போனபோது, வேதியியல் சிறப்புப் படிப்புக்கு மட்டும் மூன்று பக்கம் அச்சிட்டிருந்தார்கள். சேர்ந்தவன் நான் ஒருவன். ஒருவனுக்கும் வகுப்பு நடத்த விதியில் இடமுண்டு. ஆனால் அவன் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து, அது ஏற்கப்பட வேண்டும். தவறினால் சாதாரணத் தேர்ச்சியோடு ரயிலேறலாம்.

ஒரே வயது ரப்பர் மரங்களின் பாலில், மரத்துக்கு மரம் ரப்பரின் அளவு மாறுமா? இதுதான் என் கேள்வி. செடெனாக் பக்கம் அப்பா கிராணியாக, கணக்கெழுதும் வேலையில், இருந்த ரப்பர் தோட்டத்தில் பத்து மரங்களுக்கு எண் போட்டேன். அவற்றின் பட்டையை வெட்டிப் பாலெடுக்கும் தோட்டத்து அக்காவிடம் எண்ணிட்ட பத்துப் போத்தல்களைக் கொடுத்தேன். வாராவாரம் வந்து எடுத்துப் போனேன்.

ஆறு வாரம் கழித்துப் பேராசிரியர் என் அட்டவணையைப் பார்த்தார். பத்து மரத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு.

"இவை மரங்களா, ஒரே தொட்டியின் குழாய்களா?" என்றார்.

ஒப்படைக்க ஐந்து வாரமே இருந்தது. அடுத்த சனிக்கிழமை காலையில் அக்காவின் பின்னாலேயே நடந்தேன். மரங்களில் பால் வடியும் மங்குக் கிண்ணங்களையெல்லாம் ஒரே வாளியில் கவிழ்த்து, அதிலிருந்து கரண்டியால் பத்துப் போத்தல்களையும் கழுத்துவரை நிரப்பினார்.

"என்னக்கா செய்றீங்க?"

"ஏழாம் நம்பரு மரம் சனியன் தம்பி, அரை மங்குகூட வராது. காலேஜிக்குப் பாதிப் போத்தல் கொண்டு போனா கிராணி வூட்டுப் பிள்ளைக்கு மரியாதையா? வெள்ளக்காரன் சிரிக்க மாட்டான்?"

"சிரிச்சிட்டான்க்கா. ஒவ்வொரு மரமும் தனித்தனியா வேணும். கொறைஞ்சாலும் பரவால்ல."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? படிச்ச புள்ளதானே?"

செய்முறையை இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி ஒப்புதல் வாங்கியிருந்தேன். மரம் வெட்டுகிறவரிடம் ஒரு வரி சொல்லவில்லை.

மீதி வாரங்களிலெல்லாம் அவர் ஒவ்வொரு மரத்துக்கும் கரண்டியைக் கழுவிக் கழுவித் தனியாக ஊற்றினார். கழுவச் சொன்னது நானல்ல. எண்கள் பிரிந்தன. ஏழாம் மரம் கொஞ்சமாகக் கொடுத்தாலும் அதன் பால்தான் எல்லாவற்றிலும் கெட்டி. கெட்டுப்போன முடிவுகளையும் காரணத்தோடு இணைக்க வேண்டும் என்பது விதி. காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். ஆய்வை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த வாரங்களில் ஒவ்வொரு சனிக்கிழமையும் பால் நிறுக்கும் இடத்துக்கு அக்கா கடைசியாக வந்து, வெயிலில் நின்று, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்கினார் என்று அப்பா பிறகுதான் சொன்னார். நன்றி சொல்லப் போனேன்.

"அந்தாளு சும்மாவே ஏசுவான் தம்பி," என்றார். "நீங்க பாஸாயிட்டீங்கல்ல? ஒக்காந்து தேத்தண்ணி குடிங்க."