வலை முடிச்சு விழுந்த சுங்குடிச் சீலை

நேற்றுக் காலை பக்கத்து வீட்டுக்காரர் பழனிக்குப் போய்வந்து, பஞ்சாமிர்த டப்பாவை ஒரு துணிப்பையில் போட்டு, அதன் வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். முருகனே வந்தாலும் அவிழ்க்க முடியாத கட்டு. என் மகள் கத்தரிக்கோலோடு வந்தாள். "வை அதை" என்றேன். முடிச்சில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஊறவைத்து, கயிற்றை இழுக்காமல் வந்த வழியே பின்னால் தள்ளினேன். நகரவில்லை. மறுபடி தண்ணீர் விட்டேன். "பஞ்சாமிர்தம் திங்க இம்புட்டு மெனக்கெடணுமாம்மா?" என்று சலித்துக்கொண்டாள். மெனக்கெடத்தான் வேண்டும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவளைத் தெரிந்திருந்தால் நீங்களும் கத்தரிக்கோலைத் தொடமாட்டீர்கள்.

ஈரக் கயிற்றுக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? எனக்கு அது சாயத்தில் நனைந்த நூலின் வாசனை. அதோடு கூடவே சின்ன வெங்காய வாசனையும் வந்துவிடும். திண்டுக்கல்லில் எங்கள் சர்ச்சுக்குச் சொந்தமான பழைய ஹாலை ஒட்டி ஒரு வெங்காயக் குடோன் இருந்தது. அந்த ஹாலில்தான் எனக்கு முதல் வேலை. பதவியின் பெயர் 'கைவினைப் பயிற்சி ஒருங்கிணைப்பாளர்'. வாத்தியாரான என் அப்பா அதைத் திக்காமல் சொல்லப் பழகிக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் என் வேலை, ஹாலைத் திறப்பது, கூட்டுவது, சாயத்துக்கு வெந்நீர் வைப்பது, சண்டை வந்தால் நடுவில் நிற்பது. எனக்கு ஒரு முடிச்சும் ஒழுங்காகப் போட வராது. ஆனாலும் எல்லோருக்கும் நான்தான் டீச்சர்.

இலங்கையிலிருந்து வந்து முகாமில் இருக்கும் பெண்களும் உள்ளூர்ப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து சுங்குடிச் சீலைக்கு முடிச்சுக் கட்டப் பழக வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஒன்றாக எங்கே உட்கார்ந்தார்கள்! ஹாலில் இரண்டு பாய். சன்னல் பக்கத்துப் பாயில் நம்ம ஊர்க்காரர்கள், கதவுப் பக்கத்துப் பாயில் முகாம்காரர்கள். நடுவில் ஒரு ஆள் படுத்து உருளலாம் போல இடைவெளி. மத்தியானம் அந்தப் பாயில் சொதியும் சம்பலும், இந்தப் பாயில் கருவாட்டுக் குழம்பு. இரண்டும் மணக்கும். இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்காது. நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் வாங்கித் தின்ற ஒரே ஆள் நான்தான். அந்த வருஷம்தான் என் ரவிக்கைகளெல்லாம் பிடிக்க ஆரம்பித்தன.

சன்னல் பாய்க்குத் தலைவி பஞ்சவர்ணம். ஆத்தூர்ப் பக்கம். கல்யாணமான நாளிலிருந்து சுங்குடி கட்டுகிறவள். வாயைத் திறந்தால் குடோனில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கதவுப் பாயில் செல்வராணி. மன்னார்க் கடற்கரையில் தகப்பனோடு உட்கார்ந்து வலை முடிந்து வளர்ந்தவள், பெரிய பெண்ணான பிறகு படகில் வந்தவள். அதிகம் பேசமாட்டாள். சிரித்தால் மட்டும் ஹாலுக்கே கேட்கும்.

பஞ்சவர்ணத்தின் மகளுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது நின்று, வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். மகளுக்குத் தன் கையால் சுங்குடி முடிந்து கொடுக்க வேண்டும் என்று வெள்ளைத் துணியோடு வந்தாள் பஞ்சவர்ணம். வந்தவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், நெறையப் பொம்பளைக கை பட்ட சீலையா இருந்தா நல்லதும்பாக. அந்தப் பாய்க்காரிகளும் ஒரு பாதியக் கட்டட்டும்" என்றாள். எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. துணியின் ஒரு முனையை இந்தப் பாயிலும் மறுமுனையை அந்தப் பாயிலும் வைத்தேன். வெள்ளைத் துணி ஒன்று அந்த இடைவெளியைத் தாண்டிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே வெந்நீரை அடிப்பிடிக்க வைத்தவள் நான். வெந்நீர் அடிப்பிடிக்குமா என்று கேட்காதீர்கள், பாத்திரம் கறுத்துப்போனது.

சுங்குடி என்பது பெரிய வித்தையில்லை, பொறுமைதான். துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி, ஒரு சுருக்குப் போட்டு விட்டுவிட வேண்டும். சாயத்தில் முக்கி எடுத்துத் துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் நூல் பட்பட்டென்று தெறித்து ஓடும். கட்டின இடமெல்லாம் வெள்ளை வட்டமாக மலரும். முடிச்சு என்று சொல்கிறோமே தவிர, அது அவிழ்வதற்கென்றே போடுகிற முடிச்சு.

வளைகாப்புக்கு முதல் நாள் அரக்குச் சாயத்திலிருந்து சீலையை எடுத்தோம். பஞ்சவர்ணம் தன் பாதியைப் பிடித்து இழுத்தாள். பூத்துக் கொட்டியது. மறுபாதிக்கு வந்து இழுத்தாள். ஒரு நூல் அசையவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். துணி கிழிந்தாலும் கிழியும், நூல் விடாது என்று தெரிந்துபோனது.

செல்வராணி ஓடிவந்து ஒரு முடிச்சைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். சுருக்கின் மேல் இன்னொரு சுருக்கு. அத்தனையும் வலை முடிச்சு. அவளைப் பார்த்துப் பார்த்துக் கட்டியதால் அந்தப் பாய் முழுக்க அப்படியே கட்டியிருந்தது. "எங்கட கை அப்பிடிப் பழகிட்டுது அக்கா. முடிச்சு அவிழ்ந்தா மீன் போயிடுமெல்லோ" என்றாள்.

பஞ்சவர்ணம் கத்துவாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவள் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் பிரசவ நேரத்தில் வீட்டுப் பூட்டையெல்லாம் திறந்துவைப்பார்கள், கொடிக்கயிற்றின் கட்டைக்கூட அவிழ்த்துவிடுவார்கள். பிள்ளைக்கு வழி விடுவதற்கு. அப்படியிருக்க, மாசமாக இருக்கும் பெண் கட்டப்போகும் சீலையில் அவிழாத முடிச்சு. "ரெண்டு போயிருச்சேடி... இதுவும் எம் புள்ளைக்கு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ பிளேடை நீட்டினார்கள். நான்தான். வேறு யாருக்கு அவ்வளவு அறிவு இருக்கும்?

செல்வராணி என் கையைத் தட்டிவிட்டாள். "வெட்டக் கூடாது! எங்கட ஊரிலயும் பிள்ளைப்பெறு நேரம் எல்லாக் கட்டும் அவிழ்க்கிறதுதான். எனக்குத் தெரியாதே? பயப்பிடாதேங்கோ அக்கா. ஒரு முடிச்சு மிச்சம் வைக்காம அவிழ்த்துத் தாறம்." சீலையை மறுபடி தண்ணீரில் நனைத்து, ஊசி முனையை முடிச்சுக்குள் கொடுத்து, நூலை இழுக்காமல் வந்த வழியே தள்ளிக் காட்டினாள். "இழுத்தா இறுகும். தள்ளினா விட்டுக்குடுக்கும்."

அதன்பிறகு பாயை யார் பார்த்தார்கள்? சீலையைச் சுற்றி எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். முழங்காலோடு முழங்கால் இடித்தது. மத்தியானச் சாப்பாடு யாருடையது யாருக்குப் போனது என்று தெரியவில்லை, எல்லோர் விரலும் சிவந்திருந்ததால் சும்மா இருந்த என் கைதான் எல்லோர் வாய்க்கும் போய்வந்தது. சொதியும் கருவாட்டுக் குழம்பும் ஒரே சோற்றில் கலந்தது அன்றுதான்.

மாலையானது. முகாம்காரர்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பியாக வேண்டும், முகாம் வாசலில் ஆள் கணக்கு எடுப்பார்கள். இன்னும் ஒரு முழம் பாக்கி. செல்வராணி ஊசியைக் கீழே வைக்க மனமில்லாமல் பஞ்சவர்ணத்தைப் பார்த்தாள். பஞ்சவர்ணம் சீலையைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பஸ்ஸு எங்கத்தா நிக்கும்? நானும் வாரேன்."

முகாமின் பெயரைச் சொல்லும்போதே முகத்தைச் சுளித்தவள் அவள். நானும் பின்னாலேயே ஏறினேன். வாசலில் பெயர் சொல்லிவிட்டு உள்ளே போனோம். செல்வராணி வீட்டு வாசலில், மிச்ச வெளிச்சத்தில், மிச்ச முடிச்சுகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. கடைசி நூலை உருவிப் பஞ்சவர்ணத்தின் உள்ளங்கையில் வைத்தாள் செல்வராணி. பஞ்சவர்ணம் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், "வெறுந்தேத்தண்ணி வைப்பியாமே, அதக் குடு" என்று அதட்டிக் கேட்டு, அந்தப் பால் விடாத டீயை வாங்கிக் குடித்தாள்.

சீலையை விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நம்ம ஊர்ப் பாதியில் வட்டங்களின் ஓரத்தில் சாயம் லேசாகக் கசிந்திருந்தது. வலை முடிச்சுப் பாதியில் ஒரு துளி உள்ளே போகவில்லை, அரிசிமாவால் வைத்த புள்ளிபோல அத்தனை வெள்ளை. பஞ்சவர்ணம் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். "இதுதான் முந்தானை" என்றாள். மறுநாள் மகள் அதைக் கட்டிக்கொண்டு மனையில் உட்கார்ந்தாள். செல்வராணியும் வளையல் போட்டுவிட்டாள். பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம்.

அந்த ஹால் இப்போது இல்லை, கார் நிறுத்துகிறார்கள். குடோன் ஊருக்கு வெளியே போய்விட்டது. இரண்டு பாய்களும் அன்றைக்குச் சேர்ந்தவை, பிறகு பிரித்துப் போடவேயில்லை, எங்கே போயினவோ தெரியவில்லை. செல்வராணியும் போய்விட்டாள், தன் மன்னாருக்கே. அவள் கிளம்பிய அன்று அவளுடைய தகரப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியது பஞ்சவர்ணம். யாரையும் தொடவிடவில்லை.

நாலைந்து நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. "டீச்சர், வந்து சேர்ந்திட்டம். ஆனா பெட்டி திறக்க ஏலாமக் கிடக்கு. பஞ்சவர்ணக்கா வலை முடிச்செல்லோ போட்டிருக்கிறா!" பக்கத்தில் நின்ற பஞ்சவர்ணம் போனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"வெட்டிறாதடி. நனைச்சுத் தள்ளு. நீதான சொல்லிக்குடுத்த?"

அந்தப் பக்கம் செல்வராணி சொன்னது எனக்கும் கேட்டது.

"வெட்டமாட்டன் அக்கா. அவிழ்க்கவும் மனம் வரேல்ல."