நான்கு குழாய் ரத்தம் கொடுக்கப் புதுச்சேரிக்கு

என் அக்கா ஆண்டு தவறாமல் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டவள். போன ஆண்டு அதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஊசி ஏன் பலிக்கவில்லை என்று கேட்டதற்கு, “வயசாயிடுச்சு இல்லீங்களா” என்றார் மருத்துவர். கல்லூரியில் வேதியியல் கற்பித்த எனக்கு அது பதிலாகத் தோன்றவில்லை. புதுச்சேரி ஆய்வகம் ஒன்று எழுபது கடந்தவர்களின் ரத்தத்தைத் தேடுவதாக அறிந்ததும், இந்த ஜனவரியில் புறப்பட்டேன்.

கடலூரிலிருந்து ஏறத்தாழ இருபத்திரண்டு கிலோமீட்டர். ஒன்பது மணிப் பேருந்து அரியாங்குப்பம் வரை விரைந்தது, முதலியார்பேட்டையில் ஊர்ந்தது. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய்.

“ரத்தம் குடுக்கவா? யாருக்கு ஒடம்பு சரியில்ல ஆயா?” என்றார் ஓட்டுநர்.

“யாருக்குமில்லப்பா. எனக்கு வயசாயிடுச்சில்ல, அத ஆராய்ச்சி பண்றாங்க.”

“அதுக்கு எதுக்கு ஆராய்ச்சி? கண்ணாடியே சொல்லுமே!”

அவருக்கு மேலே பத்து ரூபாய் கொடுத்தேன். உண்மை பேசுபவர்கள் குறைவு.

ஆய்வகத்தில் நஸ்ரீன் காத்திருந்தாள். புதுச்சேரித் துணிக்கடைக் குடும்பத்துப் பெண். முனைவர் பட்ட மாணவி. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுமே, அந்தக் கணுவைப் போன்ற ஒரு திசுவை, கொடையாளரின் வெள்ளையணுக்களை ஜெல்லில் பதித்து அரிசி மணியளவில் வளர்க்கிறாள். அதில் தடுப்பூசி மருந்தை விட்டு, முதிய அணுக்கள் எவ்வளவு விழிக்கின்றன என்று இளைஞரின் அணுக்களோடு ஒப்பிடுகிறாள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். இளைஞரின் ரத்தம் அன்று காலையே வந்துவிட்டது; ஜெல்லும் தயார்.

“சாப்ட்டு வந்தீங்கல்ல மேடம்?”

“பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல” என்றேன், பெருமையாக. ரத்தப் பரிசோதனை என்றால் நாம் அப்படித்தானே போவோம்?

அவள் முகம் விழுந்துவிட்டது. “சாப்ட்டு வாங்கன்னு போன்ல சொன்னேனே மேடம்!”

செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்தார். குறைவு. “இப்ப எடுக்க முடியாது. மயக்கம் போட்டு விழுந்தா யார் பதில் சொல்றது?”

பதினொன்றரைக்குள் என் ரத்தம் கிடைக்காவிட்டால், இளைஞருடைய ரத்தமும் ஜெல்லும் வீண். நஸ்ரீன் என்னைக் கேண்டீனுக்கு அழைத்துப்போய் எதிரில் உட்கார்ந்து, நான்கு இட்லி தின்னவைத்து, இரண்டு தம்ளர் மோரும் குடிக்கவைத்தாள். “மெதுவா... இல்ல, சீக்கிரம் மேடம்!” என்னை இவ்வளவு அக்கறையாக யாராவது மிரட்டி நெடுநாளாகிறது.

பதினொன்றேகாலுக்கு அழுத்தம் ஏறியது. நான்கு குழாய்கள் நிறைந்தன.

“இதுல எனக்கென்ன கெடைக்கும்?” என்றேன்.

“ஒண்ணும் கெடைக்காது. மருந்த ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னு திசுவுல விட்டுப் பாக்கலாம். மனுசங்ககிட்ட அப்படிப் பாக்க முடியாதே.”

அக்காவிடமும் பார்த்திருக்க முடியாது. நேர்மையான பதில்; பிடித்திருந்தது.

போக விரும்புவோர் வயிறாரச் சாப்பிட்டு, கைப்பகுதி தளர்ந்த சட்டை அணிந்து செல்லுங்கள். கடற்கரையைப் பிறகு பார்க்கலாம். அது அங்கேயேதான் இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து நஸ்ரீன் ஒரு படம் அனுப்பினாள். இளைஞரின் திசுவில் பச்சைப் புள்ளிகள் வானத்து மீன்களாய் இறைந்து கிடந்தன. எல்லாம் விழித்த அணுக்கள். என்னுடையதில் மருந்தைக் கூட்டிய பிறகு ஏழெட்டு. உடனே அழைத்தேன்.

“இவ்வளவுதானா?”

“கூட்டாதப்ப ஒண்ணுகூட இல்ல மேடம்! மறுபடி செஞ்சு பாத்தாதான் உறுதியா சொல்ல முடியும். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ ரத்தம் வேணும்.”

“அதுவரைக்கும் நான் இருக்கணுமே.”

“இருந்துதான் ஆகணும். எனக்கு தீசிஸ் முடியணும்ல?”