ஐந்து நான்கு ஏழு பதில் சொல்லவில்லை

ஐந்தாம் வகுப்பில் எனக்கு வானத்தைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. இப்போது கல்லூரியில் அதையேதான் படிக்கிறேன், பாதிகூடத் தெரியவில்லை.

சித்தப்பாவின் பழைய போன்தான் காரணம். பறந்துகொண்டிருக்கும் விமானங்களை வரைபடத்தில் காட்டும் செயலி ஒன்று அதில் இருந்தது. அம்மா மஸ்கட்டில் நர்ஸ், அப்பாவுக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை, நான் இரண்டு வருடமாகத் திருவண்ணாமலையில் சித்தி வீட்டில். பள்ளி விட்டு வந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டு மஸ்கட் பக்கமிருந்து வரும் விமானங்களை எண்ணுவேன்.

கேட்பவர்கள், கேட்காதவர்கள் எல்லாருக்கும் பாடம் நடத்துவேன். விமானத்தைத் தரையிலிருந்து கூப்பிட ஓர் அழைப்புப் பெயர் உண்டு. முதலில் கம்பெனிக்கு வானொலியில் வைத்த பெயர், பிறகு எண். ஐந்நூற்று நாற்பத்தேழு என்று சேர்த்துச் சொல்லாமல் ஐந்து, நான்கு, ஏழு என்று பிரித்துச் சொல்வார்கள். பைலட் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லி, கடைசியில் தன் பெயரையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யார் கேட்டார்கள் என்று கீழே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? இதையெல்லாம் சித்தி மாவு கரைத்துக்கொண்டே கேட்பாள். சித்தப்பா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, "அப்ப பொண்டாட்டி கூப்ட்டா நானும் சொன்னதத் திருப்பிச் சொல்லணுமா?" என்பார்.

அம்மா வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய சனிக்கிழமை அது. டிக்கெட்டில் ஐந்நூற்று நாற்பத்தேழு. காலையில், "சீட்ல உக்காந்துட்டேன், போன ஆஃப் பண்றேன்" என்று செய்தி வந்தது. அப்பா ஓசூரிலிருந்து நேராகச் சென்னை விமான நிலையத்துக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தார். சித்தப்பா சவாரிக்குப் போயிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு வரைபடத்தைத் திறந்தேன். ஐந்து நான்கு ஏழு இல்லை.

கடலுக்கு மேல் சில நேரம் விமானங்கள் மறைந்துவிடும், அது தெரியும். காத்திருந்தேன். பன்னிரண்டரை, ஒரு மணி. அந்த நேரத்துக்குள் கரை தாண்டியிருக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தேன், சிறிதாக்கிப் பார்த்தேன். வேறு யார் யாரோ போனார்கள். ஒன்றின் மேல் எண்ணும் எழுத்துமாக 5TK என்று இருந்தது, அது எங்களுடையது இல்லை என்று விரலால் தள்ளிவிட்டேன்.

என் கெட்ட நேரம், எனக்கு விஷயம் தெரியும். கீழே ஒருவர் காதில் ஹெட்போனுடன் உட்கார்ந்து ஐந்து நான்கு ஏழு, ஐந்து நான்கு ஏழு என்று கூப்பிடுவது எனக்குக் கேட்டது. ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாத பிள்ளையாக இருந்திருந்தால் விளையாடப் போயிருப்பேன்.

"சித்தி, அம்மா ப்ளைட்ட காணோம்."

சித்தி கையில் கரண்டியோடு வந்தாள். "இன்னாடி சொல்ற? ஒழுங்கா பாரு."

"பாத்துட்டேன். எல்லாம் இருக்குது. அது மட்டும் இல்ல."

அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பத்து வயதில் நான் மடியில் அடங்கவில்லை, கால் இரண்டும் வெளியே கிடந்தன. "அண்ணாமலையாரே, எங்கக்காவ கொண்டாந்து சேத்துடு. வெயில்லயே வெறுங்கால்ல மலை சுத்துறேன்." அடுப்பில் சாம்பார் அடிப்பிடிக்கும் வாடை வந்தது. இருவரும் எழவில்லை.

சித்தப்பா சாப்பாட்டுக்கு வந்தபோது நான் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தேன். "கம்முனு இருங்க ரெண்டு பேரும், குடு இப்படி" என்று போனை வாங்கினார். ஆட்டோ கிரீஸ் படிந்த கட்டைவிரல் எங்கேயோ பட்டு, நான் தள்ளிவிட்ட அந்த 5TK விமானத்தின் விவரம் விரிந்தது. மஸ்கட் டு சென்னை. கீழே சின்ன எழுத்தில் பயண எண்: ஐந்நூற்று நாற்பத்தேழு.

தவறு என்னுடையது. பெரிய ஆள் மாதிரி, செயலியில் அழைப்புப் பெயர் மட்டும் தெரியும்படி நானேதான் மாற்றி வைத்திருந்தேன். ஒரே நேரத்தில் ஒரே மாதிரி எண்ணோடு இரண்டு விமானங்கள் வந்தால் ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் கேட்டுவிடக்கூடும். அதற்காக, டிக்கெட் எண்ணை விட்டுவிட்டு எழுத்து கலந்த பெயரைக் கொடுத்துவிடுவார்கள். T-க்கு டாங்கோ, K-க்கு கிலோ; ஐந்து, டாங்கோ, கிலோ என்று கூப்பிடுவார்கள். அம்மா ஒரு மணி நேரமாக என் கண்ணெதிரேதான் வந்துகொண்டிருந்தாள்.

மூச்சு விடுவதற்குள் அது வளைந்தது. வட்டமாகத் திரும்பி, வந்த வழியே மறுபடி வந்தது.

"இன்னாங்க, திரும்பிப் போவுதா?" என்று சித்தி அலறினாள்.

"சென்னையில மழையா இருக்கும். எறங்க எடமில்லாம உங்கக்கா நம்ம தலைமேல கிரிவலம் போவுது. உன் வேண்டுதல அவங்களே முடிச்சிடுவாங்க போல."

"வாயக் கழுவுங்க!"

ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் சித்தியின் நகங்கள் என் தோளில் பதிந்தன. பிறகு அது நேராகப் போய், உயரம் குறைந்து குறைந்து, சென்னை ஓடுபாதையில் நின்றது. அப்பாவின் போன் வந்தது. இறங்கிவிட்டாள், ஏழு மணிக்குள் வந்துவிடுவோம், நாளைக் காலையிலேயே மூவரும் ஓசூர் கிளம்பிவிடலாம், பிள்ளையின் துணிமணியை எடுத்து வையுங்கள் என்றார்.

சித்தப்பா அடிப்பிடித்த சாம்பாரையே ஊற்றிச் சாப்பிட்டார். சித்தி என் பள்ளிச் சீருடையை மடித்துப் பையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி மடித்தாள். அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது. அந்த வீட்டில் என்னைத் தவிர வேறு பிள்ளை இல்லை.

"ஏன் சித்தி இன்னும் அழுவுற? அதான் எறங்கிடுச்சே" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தாள். பாவம், பயம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, விமானம் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்று முதலிலிருந்து பொறுமையாக விளக்க ஆரம்பித்தேன்.