நாலு மார்க் வரைபடம்

தமிழ்ச்செல்வி அடுப்படியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கவிச்சி. அதனால் ரிசல்ட்டை மகள் பொன்னிதான் போனில் பார்த்தாள். கணக்கில் முப்பத்தொன்று. தேற முப்பத்துமூன்று வேண்டும்.

சதுரங்கப்பட்டினத்து அங்கன்வாடியில் தமிழ்ச்செல்வி பதினெட்டு வருஷமாக உதவியாளர். சமைப்பாள், ஊட்டுவாள், கால் கழுவிவிடுவாள். பத்தாவது முடித்திருந்தால் டீச்சர் வேலைக்குப் போட்டிருப்பார்கள். அதற்கான வயது இந்த ஆடியோடு தாண்டுகிறது. நாற்பதுக்கு மேல் திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்து மற்ற பாடமெல்லாம் ஒரே மூச்சில் தேறிவிட்டாள். கணக்கு மட்டும் ஏற்கெனவே இரண்டு தடவை காலை வாரியிருந்தது.

இந்தத் தடவை காலேஜ் போகும் பொன்னிதான் வழி சொன்னாள். "வரைபடத்த கெட்டியா புடிச்சிக்கோம்மா. நாலு மார்க் அப்டியே உனுக்குத்தான். ரெண்டு கோடும் எங்க வெட்டிக்குதோ அதான் விடை. வெட்டிக்கலன்னா நீ எங்கியோ சொதப்பிட்டன்னு அர்த்தம். அழிச்சிட்டு திருப்பிப் போடு."

வேலை முடிந்து வந்து, உலை கொதிக்கிற நேரத்தில் தமிழ்ச்செல்வி முப்பது வரைபடக் கணக்கு போட்டுப் பார்த்தாள். முப்பதும் வெட்டிக்கொண்டன.

"கொஸ்டின் பேப்பர் எங்க கீது?" என்று ரிசல்ட் பார்த்த கையோடு தேடி எடுத்துவந்தாள் பொன்னி. x + y = 4; 2x + 2y = 12. "இதுக்கு இன்னாம்மா போட்ட?"

"அதான்டி பேஜாரு பண்ணிச்சு. மொதல்ல சேரவே இல்ல. ரயில் ரோடு மாரி ரெண்டும் தனித்தனியா போய்க்கினே கீது. நீ சொன்ன மாரி அழிச்சிட்டன். ரெண்டாவது கோட்டுக்கு கீழ் அச்சுல ஆறுல வச்ச புள்ளிய மூணுக்கு நகத்தினன். கரெக்டா ரெண்டுக்கு ரெண்டுல வந்து வெட்டிச்சு பாரு!"

பொன்னி பேப்பர் ஓரத்தில் இரண்டு கோட்டையும் போட்டுப் பார்த்தாள்.

"மொதல்ல போட்டதுதாம்மா சரி. அது சேராது. தீர்வு இல்லன்னு எழுதியிருந்தா முழு மார்க்."

"அப்டி கூட ஒரு விடை கீதா?"

"கீது."

தமிழ்ச்செல்வி மிச்சமிருந்த நாலைந்து இறாலையும் உரித்தாள். அலசினாள். மஞ்சள் தூவிப் பிசறினாள்.

"நான் சொன்னதாலதானம்மா அழிச்ச?"

இறால் ஓட்டைப் பழைய பேப்பரில் சுருட்டி எடுத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

"எம்மா, உன்னத்தான் கேக்கறன்."

முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு தமிழ்ச்செல்வி கொல்லைப்பக்கம் போனாள்.