எந்தக் கடையிலும் இல்லாத சோடா

சாப்பாட்டு ரீல்ஸ் போட்டுப் பிழைக்கும் என் சக பாவிகளே, நம் தொழிலில் கேமரா சாப்பிட்டு முடித்த பிறகுதான் நமக்கு ஆறிய சோறு. பெரம்பலூர், அரியலூர் பக்கம் மெஸ், டீக்கடை என்று நான்கு வருடமாகச் சுற்றுகிறேன். பெரிய கம்பெனி விளம்பரம் ஒன்றாவது வராதா என்று ஏங்கிக் கிடந்தேன். வந்தது.

கண்ணடிக்கச் சொன்னவர்

சென்னையிலிருந்து ஒரு ஏஜென்சிக்காரர் பேசினார். சோடா விளம்பரமாம். பெயரைக் கேட்டதும் இடித்தது. அது ஒரு பிரபலமான சரக்கின் பெயர். பாடாலூர் ரோட்டோர ஓட்டலில் சிக்கன் தட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி டம்ளரைத் தூக்கி, பெயரைச் சொல்லிக் கண்ணடிக்க வேண்டும், அவ்வளவுதான். புத்தி எங்கே மேயப் போனதோ, செய்தேன். ரீல் போன பிறகு, நானும் குடித்துப் பார்க்கிறேன், இரண்டு பாட்டில் அனுப்புங்கள் என்று கேட்டேன்.

"சோடா எங்க கிடைக்கும்னு எனக்கே தெரியாது ப்ரோ. நீங்க கண்ணடிச்சது சூப்பர்."

கடை கடையாக

மறுநாள் கமெண்டில் எல்லாரும் "எங்கே வாங்குவது?" என்றார்கள். பெரம்பலூரில் ஏழு கடை ஏறி இறங்கினேன். கடைசியாக லப்பைக்குடிக்காட்டில் கூல்டிரிங்ஸ் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன், எனக்குப் பழக்கமானவர். என் ரீலை முழுக்கப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"இந்தப் பேர்ல சோடா கிடையாது தம்பி, சரக்குதான் இருக்கு. அத விக்கிறது நீங்க, நான் இல்ல."

உட்காரச் சொல்லாத அக்கா

அந்த வாரம் ஆண்டிமடத்தில் கலைவாணி அக்காவின் மகளிர் குழு உடைக்கும் முந்திரியைப் படம் பிடிக்கப் போனேன். அதுதான் அவர்களுடைய முதல் விளம்பரம். தீபாவளி ஆர்டர் வருமா என்பது அதில்தான் இருந்தது. அக்கா என்னை உட்காரச் சொல்லவில்லை. கொட்டை உடைத்துக் கறுத்த கையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"எங்க குழுவுல பாதிப் பேரு, வூட்டுக்காரரு குடிச்சு அழிச்சதாலதான் கொட்டை உடைக்க வந்தாங்க. கண்ணடிச்ச மூஞ்சியோட எங்க முந்திரியக் காட்டாதீங்க தம்பி."

கண்ணடிக்காத ரீல்

திரும்பும் வழியெல்லாம் வெட்கத்தில் காது சுட்டது. அன்றைக்குத்தான் விதிகளைப் படித்தேன். மதுவுக்கு விளம்பரம் கூடாது. அதே பெயரில் சோடா, தண்ணீர் என்று வேஷம் கட்டினாலும் கூடாது. மாட்டினால் கேமரா முன்னால் நின்ற நாமும் பொறுப்பு. சோடா ரீலை நீக்கினேன். நான் காட்டியது சோடா இல்லை, சரக்கு விளம்பரம்தான், தப்பு என்னுடையது என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிப் புது ரீல் போட்டேன்.

ஏஜென்சிக்காரர் திட்டித் தீர்த்துவிட்டு என்னை பிளாக் செய்தார். சேனலை மூட வேண்டியதுதான் என்று கிடந்தேன். நான்காம் நாள் கலைவாணி அக்காவிடமிருந்து போன்.

"குழுவுல எல்லாரும் பாத்தோம் தம்பி. நாளைக்கு வெயில் ஏறுறதுக்குள்ள வந்துருங்க, முந்திரி வறுத்து வைக்கிறோம்."

தீபாவளி ஆர்டரில் அந்தக் குழுவுக்கு இப்போது நிமிர நேரமில்லை. நான்கு வருடத்தில் நான் சூடாகச் சாப்பிட்ட ஒரே விளம்பரப் பொருள் அந்த முந்திரிதான்.