ஐந்தாவது அட்மிஷன்

என் கணவர் ஜெயப்பிரகாஷ் பெரம்பலூருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் பதினான்கு வருடம் பிளேஸ்மெண்ட் ஆபீசராக இருந்தார். எம்.பி.ஏ. முடிக்கும் பிள்ளைகளுக்கு வேலை வாங்கித் தருவது அவர் பொறுப்பு. எவ்வளவு சம்பளத்துக்கு வாங்கித் தந்தோம் என்று நோட்டீசில் அச்சடிப்பதும் அவர் பொறுப்புதான். ஒவ்வொரு ஏப்ரலிலும் பழைய மாணவர்களுக்குப் போன் போடுவார். அறுபது பேரில் இருபது பேர் எடுப்பார்கள். அதில் அதிகம் வாங்கும் ஏழெட்டுப் பேரை மட்டும் வைத்துச் சராசரி போடச் சொல்லுவார்கள். ‘ஆண்டுக்கு 4.2 லட்சம்’ என்று வந்துவிடும். மற்றவர்கள் மாதம் பத்தாயிரத்துக்கும் பதினாறாயிரத்துக்கும் நடுவில் எங்கேயோ இருந்தார்கள்.

கேட்காமலே வந்து சேர்ந்த வேலை ஒன்றும் உண்டு. படித்துப் போன பையன்களுக்கு வரன் வரும்போது, பெண் வீட்டார் கல்லூரிக்கு வந்து இவரிடம் விசாரிப்பார்கள். “எங்க எதுர்லயே ஒரு போனப் போடுங்க சார்” என்று உட்கார்ந்துகொள்வார்கள். இவர் ஸ்பீக்கரில் போட்டுச் சம்பளம் கேட்பார். பையன் புரிந்துகொண்டு இரண்டு மடங்காகச் சொல்லுவான். இவர் வாயைத் திறக்க மாட்டார்.

“எதுக்குங்க இந்தப் பொய்?” என்று கேட்டிருக்கிறேன்.

“பதினாலாயிரம் சம்பளம், அதுல பேங்க் கடன்னு சொன்னா எவன் பொண்ணு குடுப்பான், பரிமளா? போறானுங்க, பாவம்” என்றார்.

யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். ஒருவரிடம் மட்டும் கறாராகச் சொல்லிப் பார்த்தார். அதுதான் நடக்கவில்லை.

2022 ஜூன் மாதம். கோடையில் கல்லூரி ஆட்கள் ஊர் ஊராகப் போய் மாணவர் பிடிக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து அட்மிஷன். குறைந்தால் சம்பளம் நிறுத்திவைக்கப்படும். இவர் நான்கில் நின்றுவிட்டார். மே மாதச் சம்பளம் வரவில்லை. வீட்டு வாடகையை என் பள்ளிக்கூடச் சம்பளத்தில் கொடுத்தோம். அந்த நேரத்தில்தான் கீழப்பழுவூரிலிருந்து என் நாத்தனார் வேணி கூப்பிட்டார். கணவர் இல்லாதவர். நூறு நாள் வேலைக்குப் போய், ஒரு மாடு வைத்துப் பால் ஊற்றி, ஒரே மகள் முத்தமிழை பி.காம். முடிக்க வைத்திருந்தார்.

“ஒங்க காலேஜிலயே எம்.பி.ஏ. சேத்துடு தம்பி. லோன் போட்டுக்கலாம்.”

ஐந்தாவது அட்மிஷன் வீடு தேடி வந்தது. இவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கீழப்பழுவூர் போனார்.

“வேணாங்க்கா” என்றார், உட்கார்ந்ததுமே. “ரெண்டே முக்கால் லட்சம் கடன் வரும். வட்டியோட மூணரை ஆயிடும். படிச்சிட்டு மெட்ராஸ் போனா பதினாலாயிரம் குடுப்பான். ஆஸ்டலுக்கே ஏழு போயிடும். சிமெண்டு ஆலையில இருக்குற அண்ணாதுரை கிட்டச் சொல்லி வச்சிருக்கேன், அங்க ஆபீஸ்ல காண்ட்ராக்ட்டு வேலை. பதினொன்னரை. வூட்லேருந்தே பஸ்ல போயிட்டு வரலாம்.”

வேணி உள்ளே போய்க் கல்லூரி நோட்டீசை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டார். “இது யாரு போட்டது? நீதான? ஊராம் புள்ளைக்கெல்லாம் நாலு லட்சம், எம்புள்ளைக்கு மட்டும் பதினாலாயிரமா?”

“அது சராசரிக்கா...”

“ஒம்மவன் பெரியவனானா இப்படித்தான் சிமெண்டு ஆலைக்கு அனுப்புவியா?”

இவர் முகம் சிவந்துவிட்டது. போனை எடுத்து சுரேஷ்குமாருக்குப் போட்டார். இரண்டு வருடம் முன்பு படித்துப் போன பையன். திருப்பூரில் பதினாறாயிரத்துக்கு இருந்தான். ஸ்பீக்கரை அழுத்தினார்.

“சுரேஷு, எங்க அக்கா பக்கத்துல இருக்காங்க. ஒனக்கு இப்ப சம்பளம் எவ்வளவுப்பா? உள்ளதச் சொல்லு.”

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “நாப்பத்தஞ்சு சார். அடுத்த மாசம் இன்க்ரிமெண்டு இருக்கு. பைக்கு சொந்தமா வாங்கிட்டேன். தண்ணி கிண்ணி எந்தப் பழக்கமும் கெடையாதுங்க சார்.”

“டேய், அதுக்கு இல்லடா. எங்க அக்காடா.”

“அக்காங்களா? வணக்கம்ங்க அத்தை! பாப்பா என்ன படிச்சிருக்காங்க?”

முத்தமிழ் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேணி சிரிக்கவில்லை. “கேட்டுக்க. நாப்பத்தஞ்சாயிரம். கூடப் பொறந்தவ புள்ள மேல வந்துடக் கூடாதுன்னு நெனைக்கிற பாரு” என்றார். இவர் இன்னும் இரண்டு பேருக்குப் போட்டார். ஒருவன் எடுக்கவில்லை. இன்னொருவன் முப்பத்தெட்டு என்றான்.

பஸ் ஏற்றிவிட முத்தமிழ் எங்களோடு நடந்து வந்தாள். நிறுத்தத்தில் இவர் அந்த நோட்டீசின் பின்பக்கம் பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆலை வேலைக்குப் போனால் இரண்டு வருடத்தில் கையில் எவ்வளவு, படித்தால் தலையில் எவ்வளவு, ஏழு வருடத்துக்கு மாதம் ஆறாயிரம் தவணை. அவள் கடைசி வரி வரைக்கும் பார்த்தாள்.

“கணக்கு சரிதான் மாமா. அந்தப் பையன் அடிச்சு விட்டதும் எனக்குத் தெரியுது.”

“அப்பறம் என்னம்மா?”

“படிக்கலன்னா தையில பிரேம் அத்தானுக்குக் கட்டி வச்சிடும் அம்மா. பேசி முடிச்சாச்சு. படிச்சா வேற எடம் வரும்னு அது நெனைக்குது. எனக்கு எடமே வேணாம். ரெண்டு வருஷம் வேணும். அப்பறம் வெளியூருக்கு வேலைக்குப் போயிடுவேன்.”

பிரேம்குமார் அவளுடைய அப்பாவின் அக்கா மகன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இரண்டு டிப்பர் லாரி வைத்து ஓட்டுகிறான். கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. அவளுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

இவர் நோட்டீசை மடித்துப் பையில் வைத்தார். அரியலூர் வரும்போது, “இதுக்கு நான் எங்க கணக்குப் போடுறது?” என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கடன் கேட்டுப் போனபோது வங்கி மானேஜர், சம்பளக்காரர் ஒருவரின் ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்றார். இவர் போட்டார். தவணை தொடங்கும்போது பாதி தன்னுடையது, மூவாயிரம், அவளுக்குச் சம்பளம் உயரும்வரை என்று முத்தமிழிடம் சொல்லிவிட்டு வந்து என்னிடமும் சொன்னார். நான் சரி என்றேன். கல்லூரியில் ஐந்து ஆயிற்று. நிறுத்திவைத்த சம்பளம் வந்தது. கூட வேலை பார்க்கும் கண்ணையன், “டார்கெட்டுக்கு அக்கா பொண்ணையே புடிச்சிட்டியேப்பா, ஆளு பலே ஆளு” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். சிரித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அந்த வருடம் நோட்டீசுக்குச் சராசரி போடும்போது பிள்ளைகள் சொன்ன தொகை எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார். 1.7 லட்சம் வந்தது. அச்சாகி வந்ததில் 4.5 என்று இருந்தது.

முத்தமிழ் முதல் வகுப்பில் முடித்தாள். சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. கடன் கட்டாதவர்களுக்குப் போன் செய்து கட்டச் சொல்ல வேண்டும். பதினாலாயிரத்து ஐந்நூறு. “மாமா, ஐந்நூறு ஒங்க கணக்கு தப்பு” என்று போனில் சிரித்தாள். இவரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

போன மே மாதம் ஜெயங்கொண்டம் பக்கம் அட்மிஷனுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பினார். அரியலூரில் எல்லோரும் இறங்கிய பிறகும் இவர் இறங்கவில்லை. தூங்குகிறார் என்று கண்டக்டர் நினைத்திருக்கிறார். மாரடைப்பு என்றார்கள். மடியில் நோட்டீஸ் கட்டு இருந்தது. நாற்பத்தாறு வயது.

ஜூனில் தவணை தொடங்கியது. முதல் மாதம் முத்தமிழ் முழுதும் கட்டினாள். அதன்பின் இரண்டு மாதம் முடியவில்லை. கடன் பத்திரத்தில் வேணியும் கையெழுத்துப் போட்டிருந்ததால் வங்கி அவர் கணக்கை நிறுத்திவைத்தது. நூறு நாள் வேலைக் கூலி அதில்தான் வரும். எடுக்க முடியாமல் திரும்பி வந்த வேணியிடம் பிரேம்குமார் வீட்டில் சொன்னார்கள்: கடனை நாங்கள் அடைக்கிறோம், ஆவணியிலேயே முடித்துவிடலாம்.

மூவாயிரம் என் வாயில் வந்து வந்து போயிற்று. என் சம்பளம் பன்னிரண்டாயிரம். பையன் பத்தாவது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

வேணி போன் செய்தார். “தம்பி இல்லன்னாலும் தாய்மாமன் வூட்டு சீர் இல்லாம பொண்ணு எப்படி மேடை ஏறும் பரிமளா? ஒம்மவன் தட்டு தூக்கட்டும்.” நான் என் அண்ணன் அமிர்தலிங்கத்திடம் கேட்டேன். சீருக்கு என்றதும் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். அன்று சாயங்காலமே ஐம்பதாயிரம் அனுப்பிவிட்டார். அரைப் பவுன் மோதிரம், ஒரு பட்டுப்புடவை, பழத்தட்டுகள். பாதித் தவணையாகக் கட்டியிருந்தால் பதினாறு மாதம் வந்திருக்கும். அதைக் கடை வாசலில்தான் நினைத்தேன்.

நேற்று முத்தமிழ் ரவிக்கை அளவு கொடுக்க வந்தாள். வேலையை விட்டுவிட்டாள். மோதிரத்தைப் போட்டுப் பார்த்துக் கழற்றினாள்.

“எல்லாம் சேத்து எவ்வளவு அத்தை?”

“அம்பது.”

“யாரு குடுத்தா?”

“எங்க அண்ணன்.”

“கேட்டதும் குடுத்துட்டாரா?”

“ம்.”

அவள் காப்பி குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள்.