கொப்பியில் இல்லாத அலைகள்

கொழும்பில் படகு கட்டும் பட்டறை ஒன்றில் கணக்குப் பார்க்கிறவனாக இருந்தேன். புதுப் படகொன்று கடலில் எவ்வளவு சுமையைத் தாங்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. அலைகள் ஒரே அளவில் வந்தால் அதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லிவிடும். அவை அப்படி வருவதில்லை. எப்போதோ ஒருமுறை, பெரிய அலையொன்று முன்பக்கத்தையும் இன்னொன்று பின்பக்கத்தையும் தூக்க, நடு உடம்பு அந்தரத்தில் தொங்கும். அந்தக் கணத்தை நினைத்துத்தான் தகட்டின் தடிப்பை முடிவு செய்யவேண்டும்.

அரிப்பு என்ற எங்கள் ஊரிலிருந்து கல்பிட்டிக்குச் சாமான் ஏற்ற, தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றிலும் ஓடக்கூடிய இரும்புப் படகு கேட்டார்கள். அந்தக் கடலின் அலைக்கணக்கு எந்த அரசாங்கக் கந்தோரிலும் கிடைக்கவில்லை. அரிப்பில் மீன்பிடிக்கும் என் அத்தான், அக்காவின் புருஷன், கடலுக்குப் போய்வரும் நாளெல்லாம் அலை எத்தனை அடி என்று மூன்று வருடம் எனக்காகக் கொப்பியில் எழுதினார். ஆவணியில் மட்டும் சில பக்கங்கள் வெறுமை. மடுமாதா கோயில் திருவிழாவுக்குப் போய்க் கூடாரமடித்துத் தங்கும் நாட்கள் அவை. நானும் அந்தக் கூடாரத்தில் வளர்ந்தவன்தானே, இதைக் கேட்டா அறியவேண்டும்? முன்பின் நாட்களின் சராசரியைப் போட்டு நிரப்பினேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

படகு ஓடத் தொடங்கிய முதல் ஆவணியில் லீவில் அரிப்புக்குப் போனேன். அக்கா மடுவுக்குப் பாயும் சட்டியும் கட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் எங்கே என்று கேட்டேன்.

"சோளகம் இறுகினா ஆர் கடலில இறங்கிறது? அதாலதானே வருசா வருசம் ஒரு கிழமை முந்தியே மடுவுக்குப் போறனாங்கள்," என்றாள். "இந்த முறை உன்ர போட்டை நம்பிச் சாமானோட விடியவே கல்பிட்டிக்குப் போயிட்டார்."

கொப்பியின் வெறுமையான நாட்கள்தான் வருடத்திலேயே மோசமான நாட்கள். பெரிய அலைகளை எல்லாம் விட்டுவிட்டு, மிச்சத்துக்குத் தகடு வெட்டியிருக்கிறேன்.

தபாற்கந்தோருக்கு ஓடிக் கல்பிட்டித் துறைக்குப் போன் எடுத்தேன். படகு வரவில்லை என்றார்கள். பின்னேரமும் அதே பதில். என் கணக்கைப் பற்றி அக்காவிடம் சொல்லவில்லை. காற்றுக்கு எங்கேயாவது ஒதுங்கியிருப்பார்கள் என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள்.

மறுநாள் காலை படகு அரிப்புக்கே திரும்பி வந்தது. நடுத்தட்டு நெளிந்து, தகடுகளைச் சேர்த்த ஒட்டு ஒரு முழத்துக்கு வெடித்திருந்தது. அத்தானோடு சேர்த்து ஆறு பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

அக்கா துவாயோடு ஓடிப்போய் அத்தானின் தலையைத் துவட்டினாள். அவர் என் தோளில் கை வைத்தார்.

"தட்டு வெடிச்ச உடனை இவங்கள் கடலுக்கை குதிக்கப் பாத்தாங்கள், தம்பி. நான் விடேல்லை. நீ கணக்குப் பாத்த போட் முறியாது எண்டு சொல்லி எல்லாரையும் இருத்தினனான்."

மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"கணக்குப் பிழை, அத்தான்," என்றேன்.

அக்காவின் கை துவாயோடு அப்படியே நின்றது.